முத்திரையில் தொழிலாளியின் கையெழுத்து எங்கே?

மும்பையில் நாம் நின்றுகொண்டே தின்கிற வடையும் பஜ்ஜியும் பெரும்பாலும் பாமாயிலில் வெந்தவை. ஊரில் நம் வீட்டார் ரேஷன் கடையில் வாங்கும் லிட்டர் பாக்கெட்டும் அதுதான். உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்கிற நாடு இந்தியா. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து கப்பல் கப்பலாக வருகிறது. இதை யார் வெட்டினார்கள், என்ன கூலிக்கு வெட்டினார்கள் என்று நாம் கேட்டதில்லை. ஐரோப்பியக் கடைக்காரன் கேட்கிறான். அவனுக்குப் பதிலாக ஒரு முத்திரையை நீட்டுகிறார்கள். அந்த முத்திரையைப் பற்றி நம் தோழர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

காட்டை அழித்துச் செம்பனை நடுகிறார்கள், உராங் உத்தான் குரங்குகள் அழிகின்றன என்ற கூக்குரல் எழுந்தபோது, 2004ல் 'நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை' என்ற அமைப்பு பிறந்தது. ஆர்.எஸ்.பி.ஓ. என்பது அதன் சுருக்கப் பெயர். அதன் விதிகளைக் குறை சொல்ல முடியாது. சங்கம் சேரும் உரிமை உண்டு, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது, வேலைக்கு வருகிறவனிடம் தரகுப் பணம் கறக்கக் கூடாது என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் யார்? தோட்ட முதலாளிகள், ஆலைக்காரர்களும் வியாபாரிகளும், சோப்பு பிஸ்கட் கம்பெனிகள், சில்லறைக் கடைக்காரர்கள், வங்கிகள், சுற்றுச்சூழல் அமைப்புகள், சமூக அமைப்புகள் என்று ஏழு பிரிவு. நிர்வாகக் குழுவில் 16 இடம். தோட்டக்காரர்களுக்கு 4, மற்ற ஆறு பிரிவுக்கும் தலா 2. தொழிற்சங்கத்துக்கு என்று ஒரு பிரிவு கிடையாது. குலையை வெட்டுகிறவனுக்காக யாராவது பரிந்து பேசலாம், அவன் மட்டும் பேச முடியாது! கூலியைப் பற்றிய மேசையில் கூலிக்காரன் இல்லையென்றால் அதை வட்டமேசை என்று எப்படி அழைப்பது?

தோட்டத்தைச் சோதிக்க வரும் ஆடிட்டருக்குப் பணம் கட்டுவதும் தோட்டக் கம்பெனிதான். ரயில்வேயில் இருக்கிற நமக்கு இது புரியாத விஷயமல்ல. பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடும். பிளாட்பாரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், பூட்டியே கிடந்த கக்கூஸைத் திறப்பார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல வேண்டாம், வாசகர்கள் தங்கள் ஸ்டேஷனையே நினைத்துக்கொள்ளலாம். அதிகாரி மானேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "குறை ஏதும் உண்டா?" என்று கேட்டால், பாஸ்போர்ட்டை ஆபீஸ் பீரோவில் விட்டிருக்கிற நேபாளத்துக்காரனோ வங்கதேசத்துக்காரனோ என்ன சொல்வான்?

இது நம் கற்பனையல்ல. 2016ல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல், வில்மார் என்ற பெரிய வியாபாரக் கம்பெனிக்கு எண்ணெய் தரும் இந்தோனேசியத் தோட்டங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 8 வயதுப் பிள்ளைகள் உதிரிப் பழம் பொறுக்கியதையும், பெண்கள் விஷ மருந்து தெளித்ததையும் அது எழுதியது. ஆராய்ந்த ஐந்து தோட்டக் கம்பெனிகளில் மூன்று முத்திரை பெற்றவை. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறி இருக்கிறது என்று சொல்லி மலேசியாவின் சைம் டார்பி பிளாண்டேஷன் எண்ணெயைத் துறைமுகத்தில் தடுத்தது. முத்திரை பெற்ற பாமாயிலை உலகிலேயே அதிகமாக உற்பத்தி செய்த கம்பெனி அது! பிறகு கம்பெனி தரகுப் பணத்தைத் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. 2023ல் தடை நீங்கியது. முத்திரை இத்தனை வருஷம் சாதிக்காததைச் சரக்கை நிறுத்தியது சாதித்தது. இதே கம்பெனி 2024ல் எஸ்.டி. குத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. குத்ரி என்ற பெயர் மலேயாவில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மாருக்குப் பழக்கமான பெயர்.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. 100 டன் முத்திரை எண்ணெயும் 900 டன் சாதா எண்ணெயும் ஒரே தொட்டியில் கலந்தாலும், 100 டன்னை முத்திரையோடு விற்கலாம் என்று ஒரு முறை இந்த அமைப்பில் உண்டு. லெட்ஜரில் வரவும் செலவும் ஒத்துப்போனால் போதும். இன்னொரு முறையில் எண்ணெயே கைமாற வேண்டாம், காகிதத்தை மட்டும் வாங்கினால் போதும். கூட்ஸ் ஆபீசில் இப்படி ரசீது எழுதினால் அன்றே சஸ்பெண்டு!

மலேசியாவில் செம்பனைத் தோட்டம் வியாபாரமாகத் தொடங்கியது 1917ல், சிலாங்கூரில். பால்மரத்தைப் போலவே அங்கும் உழைத்தது பெரும்பாலும் தமிழர். 1981 வரை பல தோட்டங்களில் பெண்கள் மரம் மரமாகப் போய் மகரந்தப் பொடியை ஊதினார்கள். அந்த ஆண்டு காமெரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு அந்த வேலையைக் கூலியில்லாமல் செய்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாயின. லயத்து வீடும் போய் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் நகர ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. அவர்கள் விட்ட இடத்தில் இன்று இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் நிற்கிறார்கள். நீளக் கழியில் அரிவாள் கட்டி, தலைக்கு மேலிருந்து இருபது கிலோ குலையை விழத் தட்டுகிறார்கள். அன்று கங்காணிக்குக் கடன்பட்டவன் நம் பாட்டன், இன்று ஏஜெண்டுக்குக் கடன்பட்டவன் இவன்.

இந்த முத்திரையே நம் எண்ணெய்க்கு எதிரான வெள்ளைக்காரன் சூழ்ச்சி என்று சிலர் பேசுகிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அவன் தன் சோயா, கடுகு எண்ணெயை விற்கப் பார்க்கிறான். அதற்காகத் தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுவது நியாயமாகிவிடாது.

பாமாயிலைப் புறக்கணியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ரேஷன் பாக்கெட்டை நம்பியிருக்கும் தாயிடம் அப்படிச் சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் அதிகம் வாங்குகிறவன் அதிகம் கேட்கலாம். ரேஷனுக்காக எண்ணெய் வாங்கும் அரசாங்கங்கள் டெண்டரில் ஈரப்பதத்தையும் நிறத்தையும் கேட்கின்றன. அதே தாளில் மூன்று நிபந்தனை சேர்க்கட்டும்: தோட்டத்தில் தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த சங்கம் இருக்க வேண்டும், சோதனை அறிக்கையில் அந்தச் சங்கமும் கையெழுத்திட வேண்டும், தரகுப் பணம் வாங்கியிருந்தால் திருப்பித் தந்த ரசீது காட்ட வேண்டும். இந்தக் கோரிக்கையை மத்திய, மாநில உணவு அமைச்சர்களுக்கு மனுவாக எழுதியிருக்கிறோம். வருகிற மாதாந்திரக் கூட்டத்தில் மனு வாசிக்கப்படும். மலேயாவில் உறவினர் இருந்த குடும்பத்தார், அவர்கள் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் எழுதிக்கொண்டு வந்து கையெழுத்திடும்படி கேட்டுக்கொள்கிறோம்.