வாணிபக் கல்வியில் தலைமை யாருக்கு?

கனடா தேசத்தின் கீழ்க்கடற்கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த கேப் பிரெட்டன் என்னும் தீவில் சிட்னி என்றொரு நகரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலுள்ள பெருநகரம் வேறு, இது வேறு. இந்நகரத்துச் சர்வகலாசாலை 2010-ம் வருஷத்தில் ஒரு புதிய ஆசிரிய பீடத்தை நிறுவிற்று. பூர்வகுடிகளின் வாணிபத்தை ஆராய்வதும், அக்குடிகளின் பிள்ளைகளை வாணிபக் கல்விக்கு அழைத்து வருவதும், அவர்களுக்கு உகந்த பாடங்களை வகுப்பதும் அப்பீடத்தின் காரியங்களாம். வக்கீலாயிருந்து பெரிய கம்பெனியின் தலைவராக உயர்ந்த பர்டி கிராஃபோர்டு என்பாரின் பெயரால் அது வழங்கி வருகிறது. மேற்குக் கரையிலுள்ள ஸைமன் ஃபிரேஸர் சர்வகலாசாலையும் 2012-ம் வருஷத்தில் பூர்வகுடி வாணிபத்திற்கென்றே ஒரு மேற்பட்ட வகுப்பைத் தொடங்கிற்று.

இத்தகைய முயற்சிகளை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் வரவேற்பதோடு நில்லாமல் ஒரு கேள்வியைக் கேட்டே தீர வேண்டியிருக்கிறது. இந்தக் கல்விக்குத் தலைமை வகிப்பவர் யார்? தூரதேசத்துச் சங்கதியில் நமக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். 1906-ம் வருஷத்தில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளைக்குக் குறைவாயிருந்தது வியாபார அறிவா, அல்லது அந்த வியாபாரத்தைக் காக்கும் அதிகாரமா என்பதை அறிந்த எவருக்கும் இக்கேள்வியின் பொருள் எளிதில் விளங்கும்.

கேப் பிரெட்டன் தீவின் பூர்வகுடிகள் மீக்மாக் ஜாதியார். அவர்களுக்கு வியாபாரம் தெரியாது, வெள்ளையர் வந்து கற்பித்தாலன்றி வராது என்றொரு எண்ணம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. இது சரித்திரத்திற்கு முற்றிலும் மாறானது. 1760, 1761-ம் வருஷங்களில் பிரிட்டிஷாருக்கும் மீக்மாக் தலைவர்களுக்கும் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கைகளை எடுத்துப் பாருங்கள். மீக்மாக் ஜனங்கள் தங்கள் சரக்குகளை அரசாங்கம் நியமிக்கும் பண்டசாலைகளிலன்றி வேறெங்கும் விற்பதில்லை என்பது அவற்றின் முக்கியமான ஷரத்து. விற்பதற்குச் சரக்கும், விலை பேசும் திறமும் இல்லாத ஜனங்களோடு இப்படியொரு ஷரத்தை யாராவது எழுதிக் கொள்வார்களா? சமாதானப் பத்திரமே வியாபாரப் பத்திரமாகவும் இருந்தது என்பதே உண்மை.

அப்படிப்பட்ட ஜனங்கள் பின்னர் வறுமையில் விழுந்தது எவ்வாறு? சட்டத்தினால் என்பதே நமது விடை. விக்டோரியா ராணிக்கு இந்தியச் சக்கரவர்த்தினி என்ற பட்டம் சூட்டப்பட்ட அதே 1876-ம் வருஷத்தில் கனடாவில் ‘இந்தியர் சட்டம்’ பிறந்தது. கொலம்பஸ் செய்த பிழையால் அந்தப் பூர்வகுடிகளுக்கும் நமது பெயரே இடப்பட்டிருந்தது. அச்சட்டத்தின் ஒரு விதியைப் படிக்கையில் வக்கீல் தொழில் புரிந்த நமக்கு மனம் பதறுகிறது. சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற பூர்வகுடியும், வக்கீலாகப் பதிவு பெற்றவனும், பாதிரியானவனும், அந்த க்ஷணமே சட்டத்தின் கண்ணில் பூர்வகுடி அல்லாதவனாகி விடுவான் என்று அது கூறிற்று. இதற்கு ‘உரிமை அளித்தல்’ என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். 1880-ம் வருஷத்தில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டு விருப்பமாக்கப்பட்டது மெய்தான். எனினும் கல்வி பெறுவதென்றால் தன் ஜனத்தை விட்டு நீங்குவது என்ற எண்ணம் சட்டத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது என்பதை மறப்பதற்கில்லை.

இதோடு முடிந்ததா? 1927-ம் வருஷம் முதல் 1951-ம் வருஷம் வரையில், தங்கள் நில உரிமைக்காக வழக்காடும் பொருட்டு அரசாங்கத்தின் அனுமதியின்றிப் பணம் திரட்டுவதே குற்றமாக இருந்தது. ஒதுக்கப்பட்ட பூமியிலுள்ள பூர்வகுடியின் சொத்தைப் பிறர் ஈடாகப் பெறவோ ஜப்தி செய்யவோ கூடாதென்பது மற்றொரு விதி. பாதுகாப்பென்று சொல்லி ஏற்படுத்திய இவ்விதியின் பலன் யாதெனின், எந்தப் பாங்கியும் அவனுக்குக் கடன் கொடுக்கத் துணியவில்லை. காலடியில் நிலம் இருக்கிறது. அந்நிலத்தின் பேரில் ஒரு டாலர் வாங்க வழியில்லை. இப்படிப்பட்டவனை வியாபாரத் திறமற்றவன் என்று இகழ்வது, காலைக் கட்டிவிட்டு ஓட்டப் பந்தயத்தில் தோற்றான் என்று சிரிப்பதற்கு ஒப்பாகும்.

சிட்னி நகரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. துறைமுகத்தை அடுத்த கிங்ஸ் ரோடு என்னும் வீதியில் மீக்மாக் ஜனங்களின் குடியிருப்பு இருந்தது. நகரம் பெருகிற்று. அவ்விடத்தின் மதிப்பும் உயர்ந்தது. 8,000 பேருக்குக் குறையாத நகரத்திற்குள்ளோ அதை அடுத்தோ உள்ள பூர்வகுடிக் குடியிருப்பை, அக்குடிகளின் சம்மதமின்றியே கோர்ட்டு உத்தரவின் பேரில் அகற்றலாம் என்று 1911-ம் வருஷத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 1916-ம் வருஷத்தில் கோர்ட்டு அவ்வாறே தீர்ப்பளித்தது. 1926-ம் வருஷத்தில் அவர்கள் கடைவீதியையும் கடற்கரையையும் விட்டு நகரத்தின் புறத்தே குடியேற்றப்பட்டனர். அந்தப் புதிய குடியிருப்புத்தான் இன்று மெம்பர்ட்டூ என்று வழங்குகிறது.

மெம்பர்ட்டூவைச் சேர்ந்தவர் டொனால்டு மார்ஷல். செய்யாத கொலைக்காக 11 வருஷம் சிறையில் வாடி, 1983-ம் வருஷத்தில் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவர். அவர் 1993-ம் வருஷத்தில் 463 பவுண்டு விலாங்கு மீன் பிடித்து 787 டாலர் 10 செண்டுக்கு விற்றார். லைசென்ஸ் இல்லாமல், தடுக்கப்பட்ட பருவத்தில் பிடித்தார் என்று அவர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. மார்ஷல் 1760-ம் வருஷத்து உடன்படிக்கையை எடுத்துக் காட்டினார். கீழ்க் கோர்ட்டுகள் கேட்கவில்லை. 1999-ம் வருஷத்தில் கனடாவின் சுப்ரீம் கோர்ட்டு கேட்டது. பண்டசாலைக்குச் சரக்குக் கொண்டு வருவதாக ஒப்புக் கொண்ட ஜனத்திற்கு அச்சரக்கைச் சேகரிக்கவும் உரிமை உண்டு. மிதமான ஜீவனத்திற்கு வேண்டிய அளவில் மீன் பிடித்து விற்கும் அவ்வுரிமை இன்னும் அழியவில்லை என்று அது தீர்ப்பளித்தது. எண்ணூறு டாலருக்கும் குறைந்த மீன் விற்பனை ஒரு ஜனத்தின் வியாபார உரிமையை நிலைநாட்டியதென்றால், அந்த மனிதரின் உறுதியை என்னென்று புகழ்வது!

அதே மெம்பர்ட்டூ, 1984-ம் வருஷத்தில் டெரி பால் தலைவரானபின், படிப்படியாகத் தன் நிலைமையைத் திருத்திக் கொண்டது. 1990-களின் நடுவில் வரவுக்கு மேல் செலவு செய்து கடன்பட்டிருந்த அக்குடியிருப்பு, வெளியூரில் பெரிய வக்கீல் கம்பெனியில் வேலை பார்த்து வந்த தன் மகன் ஒருவரைத் திரும்ப அழைத்து நிர்வாகத்தை ஒப்படைத்தது. கணக்குகள் ஒழுங்காயின. 2002-ம் வருஷத்தில் சர்வதேச நிர்வாகத் தரச் சான்றிதழையும் பெற்றது. பின்னர் 2021-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், மெம்பர்ட்டூவும் வேறு சில மீக்மாக் குடியிருப்புகளும் ஒன்று சேர்ந்து, மற்றொரு கம்பெனியோடு சரிபாதிப் பங்காக, கிளியர்வாட்டர் என்னும் பெரிய மீன் கம்பெனியை வாங்கின. கிரயம் ஏறக்குறைய 100 கோடி டாலர்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். தனிக் குடியிருப்பு ஒன்று பாங்கியின் வாசலில் நின்றால் கடன் கிடைப்பதில்லை என்று முன்னமே சொன்னோம். ஆகவே பல குடியிருப்புகள் கூடித் தங்கள் வருமானத்தைப் பொறுப்பாக வைத்து, ஒரே பெயரில் கடன் பத்திரம் வெளியிடும் ஏற்பாட்டைப் பூர்வகுடித் தலைவர்களே வற்புறுத்திப் பெற்றனர். 2005-ம் வருஷத்துச் சட்டத்தால் அந்த ஸ்தாபனம் ஏற்பட்டது. 2014-ம் வருஷத்தில் 9 கோடி டாலருக்கு முதல் பத்திரங்கள் விற்கப்பட்டன. மீன் கம்பெனியை வாங்க மீக்மாக் ஜனங்கள் பெற்ற 25 கோடி டாலர் கடன் அந்த ஸ்தாபனத்தினின்றே வந்தது. தனியாக நின்றவனுக்கு மூடிய கதவு கூட்டாக வந்தவர்களுக்குத் திறந்தது. இந்த யுக்தியை அவர்களுக்கு எந்த வாணிபக் கலாசாலையும் உபதேசிக்கவில்லை. தங்கள் கஷ்டத்திலிருந்தே அவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இப்பொழுது சர்வகலாசாலைக்கு வருவோம். அது செய்ய வேண்டியது யாது?

முதலாவது, அது கற்பிக்குமுன் கற்க வேண்டும். மெம்பர்ட்டூவின் கணக்குப் புத்தகமும், கடன் பத்திர ஸ்தாபனத்தின் விதிகளும், மார்ஷல் வழக்கின் தீர்ப்பும் பாடப் புத்தகங்களாக வேண்டும். அந்நிய நகரத்துக் கம்பெனிகளின் கதைகளை மட்டும் ஒப்பித்துத் தேறிய மாணவன் தன் குடியிருப்புக்குத் திரும்பினால், ஈடு வைக்க முடியாத பூமியின் மேல் நின்று விழிப்பான். கேப் பிரெட்டன் சர்வகலாசாலையில் இதற்கு நல்ல அஸ்திவாரம் முன்னமே இடப்பட்டிருக்கிறது. எஸ்கசோனி குடியிருப்பைச் சேர்ந்த பெரியவர் ஆல்பர்ட் மார்ஷல் ‘இரு கண்ணால் நோக்குதல்’ என்னும் கொள்கையை அங்கே எடுத்துரைத்தார். ஒரு கண்ணால் பூர்வகுடிகளின் ஞானத்தையும் மறு கண்ணால் மேனாட்டு அறிவையும் கண்டு, இரண்டையும் சேர்த்து உபயோகிப்பதே அக்கொள்கை. விஞ்ஞானத்திற்குச் சொன்ன இது வாணிபத்திற்கும் முற்றிலும் பொருந்தும்.

இரண்டாவது, பூர்வகுடி மாணவர்களுக்கு மட்டும் பாடம் நடத்துவது போதாது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த கமிஷன் 2015-ம் வருஷத்தில் 94 கோரிக்கைகளை வெளியிட்டது. அவற்றுள் 92-வது கோரிக்கை வியாபாரிகளை நோக்கியது. பூர்வகுடிகளின் சம்மதத்தை முன்கூட்டிப் பெறாமல் அவர்கள் பூமியில் தொழில் தொடங்கலாகாது. கம்பெனி அதிகாரிகளும் சிப்பந்திகளும் அவர்களுடைய சரித்திரத்தையும் உடன்படிக்கைகளையும் கற்க வேண்டும் என்று அது கூறுகிறது. நாளைக்குச் சுரங்கக் கம்பெனியின் தலைவனாகப் போகும் வெள்ளை மாணவன் இன்றைக்கே 1760-ம் வருஷத்து உடன்படிக்கையைப் படிக்கட்டும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, தலைமை. பாடம் வகுக்கும் சபையிலும், ஆசிரியரைத் தெரிந்தெடுக்கும் சபையிலும், நன்கொடைப் பணத்தைச் செலவிடும் சபையிலும் பூர்வகுடிகளின் வாக்கே மேலோங்க வேண்டும். அவர்களை விருந்தாளிகளாக அழைத்து, சபையின் தொடக்கத்தில் அவர்களுடைய பூமி இதுவென்று ஒரு வாக்கியம் படித்துவிட்டு, தீர்மானங்களை வேறு அறையில் செய்வது மரியாதையாகாது. நோவா ஸ்கோஷியாவிலேயே ஷுபெனகாடி என்னுமிடத்தில் 1930 முதல் 1967 வரை ஒரு விடுதிப் பள்ளி நடந்தது. அதையும் கல்வி என்றே சொன்னார்கள். அதில் பிள்ளைகளை இழந்து வருந்திய ஜனங்கள், தங்கள் கையில் இல்லாத எந்தக் கலாசாலையையும் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பே.

ஒரு ஜாதியாருக்கென்று தனியாக வாணிபக் கல்வி ஏன், எல்லோருக்கும் பொதுவானது போதாதா என்று சிலர் ஆக்ஷேபிக்கின்றனர். அவர்களுக்கென்று தனிச் சட்டம் 1876-ம் வருஷத்திலேயே இயற்றப்பட்டதே, அப்பொழுது இந்தப் பொதுமை எங்கே போயிற்று என்று கேட்கிறோம். தடை தனியாக இருக்கும் வரையில் பரிகாரமும் தனியாகவே இருக்கும்.

மற்றோர் ஆக்ஷேபம் அதிக கனமுடையது. பெரிய கம்பெனியை வாங்குவதனால் கூட்டு வாழ்க்கை அழிந்து, லாபமே தெய்வமாகி விடாதா என்பது அது. இக்கவலை நியாயமானதே. கம்பெனியில் பங்கு கிடைத்தால் மட்டும் சிறு படகில் மீன் பிடிக்கும் ஏழையின் உரிமை நிறைவேறி விடாது. 1999-ம் வருஷத்துத் தீர்ப்பின்படி மிதமான ஜீவனத்திற்காக மீன் பிடிக்கச் சென்ற மீக்மாக் ஜனங்களை எதிர்த்து 2020-ம் வருஷத்தில் கலகம் எழுந்ததையும், அவர்கள் பிடித்த சிங்கி இறால் வைத்திருந்த கிடங்கு ஒன்று அவ்வருஷம் அக்டோபரில் தீக்கிரையானதையும் உலகம் கண்டது. படகுக்காரனுக்கும் பங்குதாரனுக்கும் இடையே நீதியை எப்படிப் பகிர்வது என்ற கேள்விக்கு அந்த ஜனங்களே விடை காண வேண்டும். அவ்விடையைத் தேடுவதற்குரிய இடமாகக் கலாசாலை விளங்கட்டும். லாபக் கணக்கை மட்டும் கற்பித்து இக்கேள்வியை விட்டு விடுமாயின், 1876-ம் வருஷத்துச் சட்டம் வற்புறுத்திச் செய்ய முயன்றதை அது இன்சொல்லால் செய்து முடித்ததாகும். பட்டம் பெற்றவன் தன் ஜனத்திற்கு அந்நியனாவான்.

ஆகவே இத்தகைய பீடங்களின் வெற்றியை அளக்கும் கோல் எது என்பதில் சந்தேகத்திற்கு இடமில்லை. பெரிய கம்பெனிகளில் எத்தனை பேர் உத்தியோகம் பெற்றனர் என்று எண்ணுவது சிறிய அளவு. எத்தனை பேர் தம் குடியிருப்புக்குத் திரும்பிக் கணக்கையும் வழக்கையும் கடனையும் தாமே நடத்துகின்றனர் என்பதே பெரிய அளவு. கற்றவன் தன் ஜனத்தை விட்டு நீங்கியாக வேண்டும் என்று சட்டம் சொன்ன தேசத்தில், கற்றவன் தன் ஜனத்திடமே திரும்பி வருகிறான் என்று காட்டுவது சாமானியமான காரியமன்று. சிட்னி நகரத்துச் சர்வகலாசாலை அதைச் செய்யட்டும். மீக்மாக் ஜனங்களைத் தலைமையில் அமர்த்தி, அவர்கள் பின்னே நின்று செய்யட்டும். சுதேசியம் என்ற சொல்லுக்காகச் சிறை சென்றவர்களை ஈன்ற தமிழ்நாடு, அந்த முயற்சியை வாழ்த்தக் கடமைப்பட்டிருக்கிறது.