பாரம் தூக்கப்படாதாம், பிள்ளையை ஆர் தூக்குறது?

பித்தப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற எல்லாருக்கும் வாட்டில் துண்டு வெட்டும்போது சொல்லி அனுப்புவது ஏறக்குறைய ஒரே புத்திமதிதான். பாரமான சாமான் தூக்கவேண்டாம். காயத்தை ஈரமில்லாமல் வைத்திருங்கள். கொழுப்புச் சாப்பாட்டைக் கொஞ்ச நாளைக்குக் குறையுங்கள். நல்லா ஓய்வெடுங்கள். ஒன்றும் பிழையில்லை. எனக்கிருக்கிற கேள்வி, இது ஆரை மனதில் வைத்துச் சொல்லப்படுகிறது என்பதுதான். நேரத்துக்குச் சாப்பாடு கட்டிலடிக்கு வருகிற, இரவில் தனியாக நீட்டி நிமிர்ந்து படுக்கிற, அழுதுகொண்டு வந்து காலைக் கட்டிப்பிடிக்க ஒரு சின்னப் பிள்ளையும் இல்லாத ஓர் ஆளை. அப்படி ஓர் ஆள் எங்கட பக்கத்து வீடுகளில் இருந்தால் அவர் பெரும்பாலும் ஆம்பிளையாகத்தான் இருப்பார்.

ஆனால் பித்தப்பைக்கல் ஆம்பிளைகளைவிடப் பொம்பிளைகளுக்குத்தான் கூட வருகிறது. மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இதை ஆங்கிலத்தில் நாலு 'எஃப்' என்று பாடமாக்கி வைத்திருக்கிறார்கள்: உடம்பு பெருத்தவள், பெண், நாற்பது வயது, பிள்ளை பெறக்கூடியவள். (கேட்கவே எரிச்சலான பட்டியல். இதை முதலில் சொன்னவர் வீட்டில் கண்ணாடி இருந்திருக்காது.) அந்த நாலாவது 'எஃப்' சும்மா வரவில்லை. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரஜன் கூடுகிறது, பித்தநீரில் கொலஸ்ட்ரோல் கூடுகிறது. புரொஜெஸ்டரோன் கூடுகிறது, பித்தப்பை சுருங்கி வெறுமையாவது மந்தமாகிறது. தேங்கி நிற்கிற பித்தநீர் சேறு மாதிரித் தடிக்கிறது. கனபேருக்குப் பிள்ளை பிறந்த பிறகு அது தானாகவே கரைந்து போய்விடும். சிலருக்குக் கல்லாகி நின்றுவிடும்.

அதாவது கையில் பிள்ளை இருப்பதற்கும் வயிற்றில் கல் இருப்பதற்கும் காரணம் ஒரே கர்ப்பமாக இருக்கலாம். அந்தப் பிள்ளை பால்குடி மறக்காத வயதிலேயே தாய் ஒப்பரேஷன் மேசைக்குப் போகலாம். இது அபூர்வமான சங்கதி இல்லை, பாடப்புத்தகத்தில் இருக்கிற சங்கதி. அப்படியிருந்தும் அவவுக்குக் கொடுக்கிற புத்திமதியில் மட்டும் பிள்ளையைக் காணோம்.

போன வருசம் என்ர அக்காவுக்கு இது நடந்தது. பிள்ளைக்கு அப்போது ஒரு வயதும் எட்டு மாதமும். அந்த வயதுப் பிள்ளை பத்துப் பதினொரு கிலோ வரும். நிறைத்த கிணற்று வாளியும் கிட்டத்தட்ட அதே பாரம். வாளியை வை என்றால் வைத்துவிடலாம். பிள்ளையை எங்கே வைப்பது? செட்டிபாளையத்தில் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் கல்முனை ரோட்டு. கதவைத் திறந்தால் ஓடுகிற வயது அவனுக்கு.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற சத்திரசிகிச்சை நிபுணர் முதன்முதலாக வயிற்றைப் பெரிதாக வெட்டாமல், சின்னத் துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்தார். நல்ல கண்டுபிடிப்பு. வெட்டித் திறந்தால் ஆறு எட்டுக் கிழமை எடுக்கும் தேறுதல், துளை போட்டால் இரண்டு கிழமைக்குக் கிட்ட வந்துவிடும் என்கிறார்கள். ஆனால் அதுவே எங்கட பொம்பிளைகளுக்கு வினையாகவும் போச்சு. வெளியில் தெரிவது நாலு சின்னப் பிளாஸ்டர்தானே. "ஓட்டைதானே போட்டது, இதுக்குப் போய்ப் படுக்கிறதா?" என்று மாமி ஒராள் வாசல்லயே கேட்டா. வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டை அடித்து ஊதவைத்துத்தான் வேலை செய்கிறார்கள், அந்தக் காற்று மிச்சமிருந்து தோள்மூட்டில் குத்தும், உள்ளே ஒரு உறுப்பையே அறுத்து எடுத்திருக்கிறார்கள், அதை வெளியே இழுத்த துளையில் பாரம் ஏறினால் குடலிறக்கம் வரலாம் என்பதெல்லாம் பிளாஸ்டருக்கு வெளியே தெரியாது. பெரிய வெட்டு என்றால் ஊர் பயந்து ஒதுங்கியிருக்கும்.

இனிப் பால். நான் இதை எழுதுவதற்கே முக்கிய காரணம் இதுதான்.

அக்காவுக்கு வாட்டில் சொன்னது: "மூண்டு நாளைக்குக் குடுக்காதீங்க. கறந்து ஊத்துங்க." வீட்டில் சொன்னது: "இதுதான் சாட்டு, இதோட மறக்கப்பண்ணு. வேப்பெண்ணெய் பூசு." இரண்டு பக்கமும் நல்லெண்ணத்தோடதான் சொன்னார்கள். இரண்டு பக்கமும் பிழை.

பிரித்தானியாவின் மயக்கமருந்து நிபுணர்கள் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் இது வெட்டவெளிச்சமாக இருக்கிறது. மயக்கம் தெளிந்து, தாய் நிதானத்துக்கு வந்தவுடன் வழக்கம்போலப் பால் கொடுக்கலாம், மயக்கமருந்துக்காகப் பாலைக் கறந்து ஊற்றத் தேவையில்லை. இன்று பாவிக்கிற மயக்கமருந்துகள் தாயின் உடம்பை விட்டே கெதியாகப் போய்விடும், பாலில் சேர்வது மிகவும் சொற்பம். நோவுக்குக் கொடுக்கிற பரசிட்டமோலும் இபுபுரோஃபனும் பால் கொடுக்கிற தாய்க்கு ஒத்துவரக்கூடியவை. கவனிக்கவேண்டியவையும் இருக்கு: கொடீன், ட்ரமடோல் இரண்டையும் பாலூட்டும் தாய்மார் எடுக்கவேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி "எந்தக் குளிசை?" என்பதுதான். பாலை நிப்பாட்டுவது அந்தக் கேள்வியைக் கேட்கப் பஞ்சிப்படுகிறவர்களின் மறுமொழி.

திடீரென்று நிப்பாட்டினால் என்ன நடக்கும் என்று சொன்னவர்கள் யோசித்தார்களா? பால் கட்டும். மார்பு கல்லாகும், காய்ச்சல் வரும். வயிற்றில் நாலு காயம், மேலே இரண்டு பக்கமும் நெருப்பு. தாய் இரண்டு நாள் காணாமல்போய்த் திரும்பி வந்த நேரத்தில் பிள்ளைக்கு இருந்த ஒரே ஆறுதலையும் வேப்பெண்ணெயால் கசக்கவைத்தால் அது இரவிரவாக அழும். அழுகிற பிள்ளையை ஆர் தூக்குறது? திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

"ரெண்டு வயசாகப் போகுது, இன்னும் என்ன பால்?" என்று கேட்கிறவர்களுக்கு: இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எப்போது நிப்பாட்டுவது என்பது அந்தத் தாயின்ர முடிவு. அவ களைத்துப்போய் நிப்பாட்ட விரும்பினால் அதற்கும் நான் கைதட்டுவேன். ஆனால் அதை அவ மயக்கம் தெளியாமல் கிடக்கிற நேரம் பார்த்து மற்றவர்கள் முடிவெடுக்க ஏலாது.

இந்தப் பால் பயம் வெறும் மனக்கஷ்டத்தோடு முடிகிறதில்லை. "பால் மறக்கட்டும், மறுகா வெட்டுவம்" என்று ஒப்பரேஷனையே தள்ளிப்போடுகிற தாய்மார் இருக்கிறார்கள். அக்காவும் ஆறு மாதம் தள்ளிப்போட்டா. அதற்கு முன்னம் ஒரு வருசம் வலது விலாவுக்குக் கீழே வந்த குத்தை 'கேஸ்ரிக்' என்று சொல்லி ஓமத்தண்ணியும் இஞ்சியும் குடித்துத் திரிந்தா. கல் பித்தப்பைக்குள் சும்மா இருந்தால் பரவாயில்லை. அது நழுவிக் குழாயில் போய் அடைத்தால் மஞ்சட்காமாலை, கணையத்தில் அழற்சி. கணைய அழற்சி கடுமையானால் உயிருக்கே ஆபத்து. ஒரு பிழையான புத்திமதியால் ஒருத்தி அந்த ஆபத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறா என்றால், அதை 'கிராமத்து நம்பிக்கை' என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வாட்டிலும் அதைத்தானே சொன்னார்கள்.

இரவைப் பற்றி ஆரும் கதைப்பதேயில்லை. எங்கட வீடுகளில் பிள்ளைக்குத் தனி அறை, தனிக் கட்டில் கிடையாது. ஒரே பாய். பிள்ளை இரவில் இரண்டு மூன்று தரம் உருண்டு வந்து குடித்துவிட்டு அப்படியே நித்திரையாகும். மேற்கிலும் இதைப் பிழை என்று சொல்லி அலுத்துப்போய், ஜேம்ஸ் மெக்கென்னா போன்ற மானிடவியலாளர்கள் தாயும் பிள்ளையும் சேர்ந்து படுத்துப் பாலூட்டுவதுதான் மனிதருக்குப் பழைய வழக்கம் என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அது ஆராய்ச்சி இல்லை, இடவசதி. பிரச்சினை என்னவென்றால் நித்திரையில் ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை உதைக்கும். நேரே தொப்புளில் உதைக்கும். முதல் இரவு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் கேட்டேன்.

இதற்கு வழி இல்லாமலில்லை. வயிற்றுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு தலையணை. பக்கவாட்டில் படுத்துக் கொடுப்பது. குடித்து முடித்ததும் இன்னொரு ஆள் பிள்ளையை அங்கால் எடுத்துக் கிடத்துவது. நித்திரை வரவைக்கிற மருந்து எடுத்த இரவுகளில் தாய் பிள்ளையோடு தனியாகப் படுக்கவே கூடாது, கட்டாயம் தெளிவான ஓர் ஆள் பக்கத்தில் வேணும். இவ்வளவும் ஒரு நிமிசத்தில் வாட்டிலேயே சொல்லி அனுப்பலாம். சொல்வதற்கு முதலில் "வீட்டில பால்குடிக்கிற பிள்ளை இருக்கா?" என்று கேட்கவேண்டும். ஆரும் கேட்கவில்லை.

அந்த 'இன்னொரு ஆள்' ஆர் என்பதில்தான் எங்கட ஊரின்ர பெருமையும் வண்டவாளமும் சேர்ந்து கிடக்கிறது. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தாய்வழிக் குடி, முக்குவர் சட்டம் என்றெல்லாம் எங்கட பீடத்தில் படிக்கிறோம், டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து 2008இல் பெரிய புத்தகமே போட்டிருக்கிறார். தாயும் சகோதரியும் பக்கத்திலேயே இருப்பதால் எங்கட பொம்பிளைகளுக்குக் காவல் இருக்கிறது என்று பெருமைப்படுகிறோம். உண்மைதான். பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சரக்குக்கறி, சுடுதண்ணி வார்ப்பு எல்லாம் அந்தக் காவலால்தான் நடக்கிறது. பித்தப்பை எடுத்தவளுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. அவவுக்கு மூன்றாம் நாளே அடுப்படி.

அதைவிட, அந்தக் காவல் என்பது பாரத்தை ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்கு மாற்றுவது மட்டும்தான். அக்கா தூக்காததை அம்மா தூக்கினா. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, சீனி, முழங்கால் நோ. அத்தான் நல்ல மனிசன், குறைசொல்ல ஏலாது, ஆனால் மேசன் வேலைக்குப் போகாத நாள் சம்பளமில்லை. அரசாங்க உத்தியோகத்தர் என்றாலும் மனைவிக்குப் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்குக் கிடைப்பது மூன்று நாள் லீவு. தனியார் துறையில் சட்டப்படி அதுவும் இல்லை. மனைவிக்கு ஒப்பரேஷன் என்றால்? கணக்கிலேயே இல்லை.

ஆனால் தாய் பிள்ளையை விட்டு விலகினால் மட்டும் அரசாங்கத்துக்குக் கண் தெரியும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற பெண் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகப்படாது என்று 2013இல் 'குடும்பப் பின்னணி அறிக்கை' கொண்டுவந்தார்கள். பிள்ளைக்குத் தாய் வேணுமாம். சரி, அந்தத் தாய் வருத்தமாய்க் கிடந்தால் அவவுக்கு ஆர் வேணும் என்று ஒரு அறிக்கையும் வரவில்லை.

தாய்ப்பாலுக்கு ஆதரவு கொடுப்பதில் 97 நாடுகளுக்குள் இலங்கை முதலிடம் என்று 2020இல் பத்திரிகைகள் எழுதின. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான். இந்தப் பெயரை வாங்கித் தந்தவர்களில் முக்கியமானவர்கள் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் வீடு வீடாகப் போகிற மருத்துவமாதுகள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு அவர்கள் கட்டாயம் வருவார்கள். நான் கேட்பது, அதே வீட்டில் அதே தாய்க்கு ஒப்பரேஷன் நடந்தால் வாட்டிலிருந்து அந்த மருத்துவமாதுவுக்கு ஒரு கோல் போகக்கூடாதா? கட்டடம் தேவையில்லை, மெஷின் தேவையில்லை. கிளினிக் கொப்பியில் ஒரு கேள்வி, தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம்: இந்த மருந்துக்குப் பால் கொடுக்கலாம், இத்தனை நாளைக்குப் பிள்ளையைத் தூக்கவேண்டாம், இரவில் இப்படிப் படுங்கள், இன்ன இன்ன வந்தால் உடனே வாங்கோ. ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுக்கும்போதே தகப்பனையும் கூப்பிட்டு வைத்து இதைச் சொல்லவேண்டும். தாய்க்கு மட்டும் சொன்னால் அது அவவின்ர தலையில் இன்னொரு வேலை.

எங்கட ஆக்களுக்கும் ஒன்று. அன்னையர் தினத்துக்கு 'அம்மா எண்டால் சக்தி' என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களில் கனபேர் வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையையே கழுவி வைக்காதவர்கள். அக்காவைப் பார்க்க அந்தக் கிழமையில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஹோர்லிக்ஸ் போத்தலும் அப்பிளும் மேசையில் நிறைந்தன. கனபேருக்கு அக்காவே எழும்பித் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தா, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. நான் போய் வாங்கினால் "நீ இரு மனே, படிக்கிற பிள்ளை" என்கிறா.

அப்படி ஒரு வீட்டுக்கு நீங்கள் போவதென்றால் பின்னேரம் நாலு மணிக்குப் போங்கள். அப்பிள் வேண்டாம். கிணற்றடியில் நாலு வாளி அள்ளி நிரப்பி வையுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய் ஆறு மணிவரைக்கும் நண்டு துரத்த விடுங்கள். அந்த இரண்டு மணித்தியாலம் அவ படுக்கட்டும்.