மெத்தை வீடுகளும் நம் மெத்தனமும்

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்துச் சரளைக்குழி ஒன்றில் புரூசு பூட்டு என்னும் ஆங்கில நிலநூலறிஞர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்திய நிலப்பரப்பின் பழங்கற்கால ஆய்வு அக்கல்லினின்றே தொடங்கிற்று. அவர் திரட்டிய தொல்பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்தில் பேணப்பெறுகின்றன. நன்று; பேணட்டும்! ஆனால் அதே பல்லாவரத்திலும், அடுத்துள்ள தாம்பரத்திலும் பரங்கிமலையிலும், நம் பாட்டன்மார் கட்டிய மெத்தை வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாய் இடிந்து மண்ணாகின்றனவே; அவற்றின் செங்கல் ஒன்றையேனும் எடுத்து வைப்பாருண்டா? மண்ணுக்கடியிற் கிடந்தால் தொன்மை, மண்மேல் நின்றால் பாழ்மனை என்று நமக்குக் கற்பித்தவர் யாவர்?

மெத்தை என்றவுடன் இற்றை இளைஞர்க்குப் பஞ்சணை நினைவுக்கு வரலாம். மேல்தளமிட்ட வீட்டிற்கு நம் மக்கள் வழங்கிய பெயர் அது. அத்தளத்தை ஆங்கிலப் பொறியாளர் 'மெட்ராசு டெரசு' என்று எழுதி வைத்தனர். நம் பொறியியற் கல்லூரிகளும் அப்பெயரையே ஓதிக்கொண்டிருக்கின்றன. பெயரிட்டவன் வெள்ளையன், தளமிட்டவன் தமிழன்.

அத்தளமிட்ட திறத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பரப்புவர். அவற்றின்மேல் விரற்கனமே உள்ள சிறு செங்கற்களைச் சுண்ணச்சாந்து தோய்த்து, படுக்க வையாமல் விளிம்பில் நிறுத்தி, மூலையிலிருந்து சாய்வரிசையாக அடுக்கிக்கொண்டே வருவர். கீழே முட்டுப்பலகை கிடையாது. ஒரு கல்லை அடுத்த கல் பற்றி நிற்கும். கொத்தனாரின் கையே அதற்கு முட்டு! அடுக்கு உலர்ந்தபின் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை நான்கு விரற்கனத்திற்குக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்டிர் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவர். அதன்மேல் தட்டோடு, அதன்மேல் மெழுகிய சாந்து. இரும்பு இல்லை, சிமிட்டி இல்லை. சித்திரை வெயிலிலும் உள்ளே தணுப்பு. இன்று நாம் கட்டும் கற்காரைத் தளமோ பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் நம் தலைமேல் உமிழ்கின்றது.

இனி, வீட்டிற்குள் வருவோம். தெருவில் திண்ணை. திண்ணையைக் கடந்தால் 'ரேழி'. இச்சொல்லைக் கேட்டவுடன் அயற்சொல்லென்று முகஞ்சுளிக்கும் தோழர்கள் நம்முள் உளர். அது நம் இடைகழியே! இடைகழி இடேழியாகி, இடேழி ரேழியாயிற்று. முதலாழ்வார் மூவரும் மழையிரவில் ஒருவரையொருவர் நெருக்கி நின்றதாகச் சொல்லப்படும் திருக்கோவலூர் இடைகழியும் இதுவே. அவ்வூர் இறைவனைத் 'தேகளீசன்' என்று பிற்காலத்தார் வடமொழிப்படுத்தியது வேறு கதை. இடைகழிக்கு அப்பால் முற்றம், சுற்றித் தாழ்வாரம், கூடம். மேலே விட்டம், உத்திரம். கதவில் குடுமி, தாழ். கொத்தனார் கையில் கரணை, தூக்குக்குண்டு, மட்டக்கோல். அகரமுதலியைப் புரட்டிச் சொல் தேடும் நாம், அச்சொற்கள் உயிரோடு குடியிருந்த வீட்டை இடிக்க விடுகின்றோம். முற்றமே இல்லாத அடுக்ககத்திற் பிறந்த குழந்தைக்கு 'முற்றம்' என்பதை எவ்வாறு விளக்குவது? படம் வரைந்துதான் காட்டவேண்டும்.

"அவை அக்கிரகாரத்து வீடுகள், செல்வர் வீடுகள், நமக்கென்ன?" என்று கேட்பாரும் உளர். அத்திண்ணைகளில் எல்லாரும் அமர விடப்பெற்றனர் என்று யாம் பொய்யுரையோம். அத்தெருக்களில் நடக்கவும் விடப்பெறாதவர் நம் முன்னோருட் பலர். ஆயினும் அத்தளத்தைத் தட்டியவள் யார்? சுண்ணாம்பு அரைத்தவன் யார்? குடியிருந்தவனுக்கு மட்டும் அவ்வீட்டை உரிமையாக்கிவிட்டுக் கட்டியவனை மறப்பது, ஆண்டைக்கு மீண்டும் ஒருமுறை பட்டா எழுதிக் கொடுப்பதாகும்.

இவ்வீடுகள் முதுமையால் வீழ்கின்றன என்பது பொய். பெரும்பாலானவை பேணாமையால் வீழ்கின்றன. மேல்தளத்துத் தூம்பு அடைபடுகின்றது, நீர் தேங்குகின்றது. பறவை எச்சத்தில் முளைத்த அரசங்கன்று வேரூன்றுகின்றது. ஒழுக்கைக் கண்ட வீட்டுக்காரர் சிமிட்டியைக் கொண்டு பூசுகின்றார். கேடு அங்கேதான் முற்றுகின்றது. சுண்ணாம்பு மூச்சுவிடும், சிமிட்டி விடாது. ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சுவருக்குள் புதைந்த கட்டைமுனைகள் உளுத்துப்போகின்றன. பிறகு ஒரு பொறியாளர் வந்து "இடர்மிக்க கட்டடம்" என்று எழுதித் தருவார். உளுத்த முனையை அறுத்து ஒட்டுப்போடத் தெரிந்த தச்சரும், சுண்ணத்தளம் தட்டத் தெரிந்த கொத்தனாரும் அருகிவிட்டனர்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய தெருவில் ஒரு வீடு மட்டும் தனியே இடிவதில்லை. இரு வீட்டுக் கட்டைகளும் ஒரே பொதுச்சுவரில் ஊன்றியிருக்கும். ஒன்றைப் பெயர்த்தால் அடுத்த வீட்டுச் சுவர் மழைக்கு வெற்றுமேனியாக நிற்கும். இரண்டொரு மழைக்காலத்தில் அதுவும் விற்பனைக்கு வரும். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிய நாள்முதல் இப்பகுதியில் மனைவிலை ஏறிக்கொண்டே வந்துள்ளது. உடன்பிறந்தார் பாகம் பிரிக்கையில் வீட்டிற்கு விலையில்லை, அடிமண்ணுக்கே விலை.

திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் உ.வே. சாமிநாதையர் வாழ்ந்த வீட்டிற்கு நேர்ந்ததை அறிவீர்கள். தமக்கு வேலை தேடித் தந்த தியாகராசச் செட்டியாரின் பெயரை அதற்கு அவர் இட்டிருந்தார். மொழிக்கொள்கையில் அவர் நம்மவர் அல்லர். ஆயினும் 1924இல் பெருங்கதையும் 1937இல் குறுந்தொகையும் அவர் அவ்வீட்டில் வாழ்ந்த காலத்தில்தான் அச்சேறின. 2012இல் அவ்வீடு இடிக்கப்பெற்றது. மரபுரிமை ஆணையச் சட்டத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றியதும் அதே 2012இல்தான்! ஏட்டில் ஆணையம், தெருவில் கடப்பாரை.

நம் பகுதிக்கு வருவோம். மறைமலையடிகள் 1911இல் பல்லாவரத்திற் குடியேறி, 1950 செப்டம்பர் 15இல் மறையும்வரை அவ்வூரிலேயே வாழ்ந்தார். 1916இல் தனித்தமிழ்க் கொள்கை கிளர்ந்தெழுந்த ஊர் அது. அவர் தொகுத்த நூல்களுக்கு 1958இல் மறைமலையடிகள் நூல்நிலையம் என்னும் காப்பிடம் அமைந்தது. அவர் நடந்த தெருக்களுக்கு என்ன காப்பு அமைந்தது?

பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் திருநீர்மலை முதலிய பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. அம்மாநகராட்சியைக் கேட்கின்றோம்: உம் எல்லையில் எஞ்சியுள்ள மெத்தை வீடுகளைத் தெருவாரியாகக் கணக்கெடுங்கள். அவற்றைப் பேணுவார்க்கு வீட்டுவரியைக் குறையுங்கள். எஞ்சியிருக்கும் கொத்தனார்களைக் கூலி கொடுத்து ஆசிரியராக அமர்த்தி, இளைஞர் பத்துப்பேருக்கேனும் சுண்ணவேலை கற்பியுங்கள். செலவு பெரிதன்று, ஒரு மேம்பாலத் திறப்புவிழாப் பந்தற் செலவு போதும்.

தமிழ்மன்றத் தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஞாயிறுதோறும் ஏடும் எழுதுகோலுமாக முதிய கொத்தனார், தச்சர் வீடுகளுக்குச் செல்லுங்கள். அவர்கள் வாயிலுள்ள தொழிற்சொற்களை அவர்கள் ஒலிக்குமாறே எழுதி வாருங்கள். உங்கள் வீடே மெத்தை வீடாயின், ஐப்பசி மழை இறங்குமுன் மேலேறித் தூம்பைத் திறந்துவிடுங்கள். அரசங்கன்றை வேரோடு எடுங்கள். வெடிப்பில் சிமிட்டியைப் பூசாதீர்கள், சுண்ணச்சாந்தையே பூசுங்கள்.