அவர்கள் கடையில் விற்காத நஞ்சு

இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் நாம் களைநாசினியைத் தெரிந்தெடுத்து வாங்குவதில்லை. கடன் தரும் கடைக்காரர் எடுத்து வைக்கும் போத்தல்தான் எமக்கு வாய்க்கிறது. ஆகவே எந்தப் போத்தல் கடைக்கு வரலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு ஒரே பொதுச் சந்தை. பயிர் மருந்தின் மூலப்பொருள் ஒரு பொதுப் பட்டியலில் இடம்பெற்றால்தான் அங்கே அதை விற்கலாம். 2003ஆம் ஆண்டில் பரகுவாட் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. கிறமக்சோன் என்ற பெயரில் எம்மவர் அறிந்திருந்த அதே மருந்துதான். அதனை 1983 இலேயே தடைசெய்திருந்த சுவீடன் வழக்குத் தொடுத்தது. டென்மார்க், ஒஸ்திரியா, பின்லாந்து ஆகியன துணை நின்றன. குவாத்தமாலாவில் செய்யப்பட்ட ஆய்வொன்று நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. மருந்தடித்த தொழிலாளி ஒருவரின் உடலில், அனுமதித்த அளவிலும் கூடுதலான நஞ்சு சேர்ந்திருந்ததை அது காட்டியது. பார்க்கின்சன் நோயுடன் உள்ள தொடர்பு சரியாக ஆராயப்படவில்லை என்பதும் எடுத்துக்கொள்ளப்பட்டது. 2007 யூலை 11 இல் அனுமதி இரத்தானது.

கவனியுங்கள், அங்கே பேசப்பட்டது எம்மைப் போன்ற ஒரு தோட்டத் தொழிலாளியின் உடம்பு. ஆனால் தீர்ப்பின் பயன் ஐரோப்பியக் கடைகளுடன் நின்றுவிட்டது. அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரித்தானியாவின் ஹடர்ஸ்பீல்ட் நகரில் பரகுவாட் தொடர்ந்து தயாரிக்கப்பட்டு வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. வாங்கும் நாட்டுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது விதி. அறிவித்தல் யாருடைய கையுறையாகும்?

விற்கத் தகாதது என்று கண்டபின் அதைச் செய்து அனுப்புவதையும் நிறுத்தவேண்டும் என்பதே எமது கருத்து. செய்ய முடியாத காரியமல்ல. ஒன்றியத்தில் தடையான பயிர் மருந்துகளின் உற்பத்தியையும் ஏற்றுமதியையும் பிரான்ஸ் 2022 சனவரி முதல் சட்டத்தால் தடுத்தது. ஐரோப்பிய ஆணைக்குழுவும் 2020 ஒக்டோபரில் அப்படியே வாக்களித்தது. 2023 இல் வரும் என்ற சட்டவரைவு அவ்வாண்டு வரவில்லை.

இலங்கை காத்திருக்கவில்லை. 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், 1998 இல் எண்டோசல்பான், 2008 முதல் 2011 வரை படிப்படியாகப் பரகுவாட் என்று நிறுத்தியது. நஞ்சருந்தி இறப்போர் தொகை குறைந்தது. நெல் விளைச்சல் அதனால் விழவில்லை. கடனுக்கு வாங்கினாலும், முத்திரை உடையாத, தமிழிலும் விபரம் எழுதிய போத்தலைத்தான் கேளுங்கள். சில்லறையாக ஊற்றித் தருவதை வாங்க வேண்டாம்.