யார் தொண்டையில் யார் சிரிப்பு?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கார்ட்டூன் தொடர்களைப் பாடமாக வைத்துப் படிக்கிறார்கள். ‘தி சிம்ப்சன்ஸ்’ பற்றி மட்டும் தனித்தனிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. பொம்மைப் படத்துல என்னய்யா ஆராய்ச்சி என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். படிக்க வேண்டியதுதான். இலக்கியக்காரர்கள் அங்கதம் என்பார்கள், சனங்கள் நக்கல் என்பார்கள். அதிகாரத்தை அசைக்கிற சரக்கு அதில் இருக்கிறது. அவர்கள் படிக்கிற விதத்தோடுதான் நமக்குச் சண்டை.

1989 டிசம்பரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய இந்தத் தொடர் இன்னும் ஓடுகிறது. அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கிற அப்பன் ஹோமர், யாருக்கும் அடங்காத பிள்ளை பார்ட், ரத்தம் உறிஞ்சும் முதலாளி பர்ன்ஸ். ‘நல்ல அமெரிக்கக் குடும்பம்’ என்று தொலைக்காட்சி அதுவரை கட்டிவைத்திருந்த புனைவைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 1993ல் வந்த ஒரு பகுதியில், தொழிலாளிகளின் பல் மருத்துவச் சலுகையைப் பிடுங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக ஒரு பீப்பாய் பீர் கொடுக்கப் பார்க்கிறான் பர்ன்ஸ். மகளுக்குப் பல்லுக்குக் கம்பி போடணுமே என்று ஹோமருக்குச் சட்டென்று உறைக்கிறது. வேலைநிறுத்தம் வெடிக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பகுதி. 1992ல் அதிபர் புஷ் (பெரிய புஷ்), அமெரிக்கக் குடும்பங்கள் ‘வால்டன்ஸ்’ மாதிரி இருக்கணும், சிம்ப்சன்ஸ் மாதிரி இருக்கக்கூடாது என்று மேடையிலேயே பேசினார். வால்டன்ஸ் 1930களின் பெருமந்தக் காலத்துக் கதை. நாங்களும் அவங்க மாதிரிதான், மந்தம் எப்ப முடியும்னு சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கோம் என்கிற தோரணையில் சில நாட்களிலேயே பார்ட் பதில் கொடுத்தான்.

இதோடு நிறுத்திக்கொண்டு ‘ஆகா, கலகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஃபாக்ஸ் யாருடையது? ரூபர்ட் மர்டாக்குடையது. 2019ல் தொடர் டிஸ்னி கைக்குப் போனது. முதலாளியைத் திட்டுகிற சிரிப்பிலும் முதலாளிக்குத்தான் காசு.

என்னைக் கேட்டால், இந்தத் தொடரைச் சுற்றி நடந்த பெரிய கலகம் தொடருக்குள்ளே நடக்கவில்லை, தெருவில் நடந்தது. 1990 கோடைகாலம். நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் கருப்பின இளைஞர்கள் தெருக்கடைகளில் ஒரு பனியனை வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதில் பார்ட் இருந்தான், ஆனால் கருப்பாக. ஒரு பனியனில் மைக்கேல் ஜோர்டான் மாதிரி பந்தோடு பறக்கிறான், இன்னொன்றில் நெல்சன் மண்டேலாவோடு நிற்கிறான். மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்து அமெரிக்கா போன வருசம் அது. எல்லாம் அனுமதியில்லாத சரக்கு, கம்பெனிக்குச் சல்லிக்காசு போகவில்லை. வாத்தியார் ‘உருப்படாதவன்’ என்று முத்திரை குத்தின பையனை, அதே முத்திரையைத் தினம் சுமக்கிற பிள்ளைகள் ‘இவன் எங்க ஆளு’ என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளை எழுத்தாளர்கள் வெள்ளைக் குடும்பத்தை நக்கலடிக்க உருவாக்கிய பையன்! பிரதியை விளிம்பில் இருப்பவர்கள் திருப்பி எழுதுவது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, இதைவிட வேறென்ன உதாரணம் வேண்டும்?

இப்போது தொடருக்குள் வாருங்கள். அந்த ஊரில் டாக்டர் ஹிப்பர்ட் கருப்பர், ஹோமரோடு வேலை செய்கிற கார்ல் கருப்பர், கடை வைத்திருக்கிற அப்பு இந்தியர். மூன்று பேருக்கும் முப்பது வருசத்தில் பெரும்பாலும் குரல் கொடுத்தவர்கள் வெள்ளை நடிகர்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு கருப்பர்களைக் கேலி செய்து ஆடிய பழைய வெள்ளை நாடகக்காரர்களின் வேலை இது. கரிக்குப் பதில் குரல், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புவின் உச்சரிப்பைச் சொல்லிச் சொல்லியே இந்திய வம்சாவளிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சீண்டினார்கள் என்பதை ஹரி கொண்டபோலு 2017ல் ஆவணப்படமாக எடுத்தார். 2018ல் தொடர் அதற்கு என்ன பதில் சொன்னது தெரியுமா? அன்று கைதட்டினார்கள், இன்று தப்பு என்கிறார்கள், என்ன செய்ய முடியும் என்று தோளைக் குலுக்கியது. அதையும் லிசா வாயால் சொல்ல வைத்தார்கள். ஊர் அநியாயத்தையெல்லாம் தட்டிக்கேட்கிற பெண்பிள்ளை வாயால்! 2020ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு வீதிகள் கொந்தளித்த பிறகுதான் இனி வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு வெள்ளையர் குரல் கிடையாது என்று அறிவித்தார்கள். தானாக வந்த ஞானமா அது? வீதி கொடுத்தது.

ஆரோன் மெக்ரூடரின் ‘தி பூன்டாக்ஸ்’ தொடரை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2006 சனவரியில் வந்த ஒரு பகுதியில் மார்ட்டின் லூதர் கிங் சாகாமல் நினைவிழந்து கிடந்து பல வருசம் கழித்து எழுந்து வருகிறார். போர் வேண்டாம் என்கிறார், உடனே துரோகி என்கிறது அமெரிக்கா. கடைசியில் தன் சொந்த மக்களையே கடுமையான வார்த்தையில் திட்டித் தீர்க்கிறார். மன்னிப்புக் கேள் என்றார் அல் ஷார்ப்டன். அந்தக் கோபமும் புரியாமலில்லை. வீட்டுக்குள் திட்டுகிற திட்டைத் தொலைக்காட்சி வழியே வெள்ளைக்காரனும் உட்கார்ந்து கேட்டுச் சிரிக்கிறானே. ஆனாலும் அது உள்ளிருந்து வந்த சிரிப்பு, வலி தெரிந்த சிரிப்பு.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்கள் படம் முடிந்ததும் ஓடுகிற பெயர்களையும் படியுங்கள். சிம்ப்சன்ஸ் படங்களைப் பெருமளவு வரைவது தென்கொரியாவில், சியோல் ஸ்டுடியோத் தொழிலாளர்கள். 2010 அக்டோபரில் பேங்க்சி என்கிற தெரு ஓவியர் அந்த உழைப்புச் சுரண்டலை நக்கலடித்துத் தொடருக்கே ஒரு தொடக்கக் காட்சி அமைத்துக் கொடுத்தார். இருட்டறையில் வரிசை வரிசையாகக் குனிந்து பெண்கள் வரைகிறார்கள். உலகமே பாராட்டியது. அந்தக் காட்சியையும் சியோலில்தான் வரைய வைத்தார்கள்.