திருஷ்டி இல்லை, அம்மோனியா!



புதிதாக மீன் தொட்டி வைத்த வீட்டில் ஒரு வாரத்தில் மீன் செத்து மிதந்தால் நம்மிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. "வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கிச்சு!" மறுநாளே இன்னும் நாலு மீன் வாங்கி விடுகிறோம். அவையும் சாகின்றன. ஒரு குடும்பத்துக்கு வாரம் ஒரு திருஷ்டியா? யோசியுங்கள்.

பெரும்பாலும் அந்த மீனைக் கொன்றது அம்மோனியா. மீன் செவுள் வழியே அதை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அளவு மீறாதவரை பெரிய கேடில்லை. நைட்ரஜன் சுழற்சி என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்கினீர்களே, அதேதான் இது!

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா போதுமான அளவு இருக்காது. பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். ஆனால் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கும் கடைக்காரர், "ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார். அவருக்கு ஆகாது, மீனுக்கு ஆகும்.

சரியான வழி இதுதான். குளோரின் நீக்கிய நீரை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் விடாமல் தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் 0-க்கு இறங்கி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். அப்போதும் இரண்டு மூன்று மீனில் தொடங்குங்கள். போர் தண்ணீர்க்காரர்கள் பி.எச். பாருங்கள். 7-இல் இருப்பதைவிட 8-இல் அதே அம்மோனியாவின் விஷப் பகுதி கிட்டத்தட்ட 10 மடங்கு. கடின நீர் என்றால் அதை ஏற்கும் கப்பி, மோலி வளருங்கள்.

சுத்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறுதோறும் முழு நீரையும் கொட்டி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசுவது சுத்தமல்ல. குளோரின் கலந்த குழாய்நீர் அந்த பாக்டீரியாவையே கொல்லும். வாரம் கால் பங்கு நீர் மாற்றினால் போதும். பஞ்சை, வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே அலசுங்கள்.

"பத்து ரூபாய் மீனுக்கு இவ்வளவா?" என்பீர்கள். விலை அல்ல என் கவலை. பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளைதான். செத்தால் தூக்கிப் போட்டு வேறு வாங்கலாம் என்று ஒரு பாடம். ஏன் செத்தது என்று கேட்டால் திருஷ்டி என்று இன்னொரு பாடம். உயிரின் மதிப்பையும் காரணம் தேடும் அறிவையும் ஒரே தொட்டியில் மூழ்கடிக்கிறோம்.

பதறாத காரியம் சிதறாது. ஒரு மாதம் காத்திருக்க முடியாதவர்கள் பிறந்தநாளுக்கு மீன் தொட்டி பரிசளிக்காதீர்கள். நல்ல புத்தகம் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்