45 வயதில் ரிட்டயர்மென்ட், வெளிநாட்டில் செட்டில்... விசா விதிகள் விடுமா?

‘‘45 வயசு வரைக்கும் ஓடிட்டு, அப்புறம் தாய்லாந்துல போய் செட்டில் ஆகிடணும்!’’ பிள்ளைப்பாக்கம், ஒரகடம் சிப்காட் பக்கம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் இளைஞர்களிடம் இப்படி ஒரு பேச்சு சகஜம். 35 வயதுக்குள் சேமிப்பு, மாதா மாதம் எஸ்.ஐ.பி, சொந்த ஊரில் ஒரு மனை என்று திட்டமும் ரெடியாக இருக்கும்.

எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போட ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன. ஆனால், ‘அந்த நாடு நம்மை எத்தனை நாள் இருக்க விடும்?’ என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதை முதலில் கேட்டால், கணக்கே மாறிவிடும்.

பக்கத்து சீட் கொரியருக்கு இங்கே என்ன நிலை?

ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் இந்தப் பகுதியில் கொரிய, ஜப்பானிய இன்ஜினீயர்கள் வந்து தங்குவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் இங்கே இருப்பது எம்ப்ளாய்மென்ட் விசாவில். பொதுவாக ஆண்டுக்கு ரூ.16.25 லட்சத்துக்குக் குறையாத சம்பளம் இருந்தால்தான் அது கிடைக்கும். 180 நாட்களுக்கு மேல் தங்கும் விசா என்றால், வந்து 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். விசா வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் அதுவும் முடிந்தது.

அவர்களில் ஒருவருக்கு ஊர் பிடித்துப்போய், ‘ரிட்டயர் ஆகி ஸ்ரீபெரும்புதூரிலேயே இருந்துவிடலாம்’ என்று தோன்றினால்? இந்தியாவில் ஓய்வூதியர் விசா என்ற பிரிவே கிடையாது. 2016ல் அறிவிக்கப்பட்ட குடியிருப்பு அந்தஸ்துக்கு 18 மாதங்களில் ரூ.10 கோடி அல்லது 36 மாதங்களில் ரூ.25 கோடி முதலீடு செய்து, குறைந்தது 20 இந்தியர்களுக்கு வேலையும் தர வேண்டும்.

நம் ஊரில் அவருக்கு என்ன நிலையோ, அதே நிலைதான் வெளிநாட்டில் நமக்கும். நீண்டகால விசா என்பது வாடகை வீடு மாதிரி. வாடகை கட்டும்வரை இருக்கலாம். நிபந்தனையை மாற்றும் அதிகாரம் வீட்டுக்காரரிடம்தான் இருக்கும்.

முதல் தடை: வயசு

‘ரிட்டயர்மென்ட் விசா’ தரும் நாடுகள் பலவும் 50, 55 வயதைத்தான் கேட்கின்றன.

தாய்லாந்து: 50 வயது நிறைந்திருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட், அதாவது ரூ.20 லட்சத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். ஓராண்டுக்குத்தான் அனுமதி, பிறகு ஆண்டுதோறும் நீட்டிக்க வேண்டும். தொடர்ந்து தங்கினால் 90 நாட்களுக்கு ஒருமுறை குடியேற்றத் துறைக்கு முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அங்குள்ள 10 ஆண்டு ஓய்வூதிய விசா (ஓ-எக்ஸ்) 14 நாட்டவருக்கு மட்டுமே. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

இலங்கை: ‘மை ட்ரீம் ஹோம்’ விசாவுக்கு 55 வயது. 15,000 டாலர் டெபாசிட். அதோடு மாதம் 1,500 டாலர் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். மொழிப் பிரச்சினை இல்லை, விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் 45 வயதுக்காரருக்குக் கதவு மூடியே இருக்கிறது.

ஐக்கிய அரபு அமீரகம்: 5 ஆண்டு ஓய்வூதிய விசாவுக்கு 55 வயது.

ஆக, ‘ரிட்டயர்மென்ட்’டுக்கு விசா இருக்கிறது. ‘சீக்கிர ரிட்டயர்மென்ட்’டுக்குத்தான் இல்லை.

வயசு கேட்காத நாடுகள் பணம் கேட்கும்

மலேசியாவின் ‘எம்.எம்.2.எச்’ திட்டத்தில் 25 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். 2024ல் வந்த விதிப்படி, சில்வர் பிரிவுக்கு 1.5 லட்சம் டாலர் ஃபிக்ஸட் டெபாசிட் போட வேண்டும். இது ரூ.1.25 கோடிக்கு மேல். கூடவே குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்க வேண்டும். அதற்கு இன்னொரு கோடிக்கு மேல் ஆகும். இவ்வளவும் செய்தால் கிடைப்பது 5 ஆண்டு விசா.

ஸ்பெயினில், வேலை செய்யாமல் தங்கும் விசாவுக்கு ஆண்டுக்கு 28,800 யூரோ வருமானம் காட்ட வேண்டும். தோராயமாக ரூ.28 லட்சம். 7% வட்டி என்று வைத்தாலும், ஒருவருக்கே ரூ.4 கோடி முதல் வேண்டும். குடும்பம் இருந்தால் தொகை கூடும்.

தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த டி.டி.வி விசாவுக்கு 20 வயது போதும். 5 லட்சம் பாட் கையிருப்பு காட்டினால் 5 ஆண்டு செல்லுபடி. ஒவ்வொரு முறையும் 180 நாட்கள் தங்கலாம். ஆனால் இது முக்கியமாக வெளிநாட்டு நிறுவனத்துக்கு லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கானது. ஐ.டி. ஊழியருக்குப் பொருந்தலாம். அசெம்ப்ளி லைனைப் பார்த்துக்கொள்ளும் புரொடக்‌ஷன் இன்ஜினீயர் எந்த ரிமோட் வேலையைக் காட்டுவார்?

பாதியில் மாறும் விதிகள்

மலேசியாவில் 2021க்கு முன்பு, 50 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் 3 லட்சம் ரிங்கிட் டெபாசிட் போட்டால் போதும். 2021ல் அது 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. காட்ட வேண்டிய மாத வருமானம் 10,000 ரிங்கிட்டில் இருந்து 40,000 ரிங்கிட்டானது. மூன்றே ஆண்டுகளில் திட்டம் மறுபடி மாற்றப்பட்டது. பிலிப்பைன்ஸும் 35 ஆக இருந்த குறைந்தபட்ச வயதை 2021ல் 50 ஆக்கியது.

வரி விஷயமும் இப்படித்தான். ஆண்டில் 180 நாள் தாய்லாந்தில் இருப்பவர், வெளிநாட்டு வருமானத்தை அங்கே கொண்டுவந்தால் 2024 ஜனவரி முதல் அங்கே வரி வரலாம். 30 வயதில் படிக்கும் விதி, 45 வயதில் அப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இந்தியப் பக்கத்துக் கணக்கு

ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் ரூ.10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு, முதலீடு போன்ற காரணங்களுக்கு 20% டி.சி.எஸ். பிடிக்கப்படும். மலேசிய டெபாசிட்டுக்காக ரூ.1.3 கோடி அனுப்பினால், ரூ.24 லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மீதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

பி.எஃப். பென்ஷனை நம்பலாமா? ரூ.15,000 சம்பள உச்சவரம்பில் 35 ஆண்டு வேலை பார்த்தாலே மாதம் சுமார் ரூ.7,500தான் வரும். அதுவும் முழுதாக 58 வயதில். குறைத்து வாங்கினாலும் 50 வயதுக்கு முன் கிடையாது. எந்த நாட்டு விசாவுக்கும் இதை வருமானமாகக் காட்டிப் பயனில்லை.

ஹெல்த் இன்சூரன்ஸும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான இந்திய பாலிசிகள் இந்தியாவில் எடுக்கும் சிகிச்சைக்குத்தான். அங்கே தனி பாலிசி வேண்டும். இங்குள்ளதை நிறுத்திவிட்டால், திரும்பி வரும்போது காத்திருப்புக் காலம் முதலில் இருந்து தொடங்கும்.

அப்போ கனவை விட்டுவிடணுமா?

வேண்டாம். வேலையை விடுவதும் நாட்டை விடுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 45ல் வேலையை விட்டாலும், 50 வரை இங்கேயே சிக்கனமாக இருந்து, பிடித்த நாட்டுக்கு டூரிஸ்ட் விசாவில் போய் இரண்டு மூன்று மாதம் தங்கிப் பார்க்கலாம். மழைக்காலம், மருத்துவமனை, மாத வாடகை எல்லாம் அப்போதுதான் புரியும். 50ஐத் தாண்டியதும் தாய்லாந்து போன்ற நாடுகளில் குறைந்த டெபாசிட்டிலேயே வாய்ப்பு கிடைக்கும்.

அதுவரை ஊரில் இருக்கும் வீட்டையும் இன்சூரன்ஸையும் விற்காமல், நிறுத்தாமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம். விசா புதுப்பிக்கப்படவில்லை என்றால், திரும்பி வர ஒரு இடம் வேண்டுமே! ஏஜென்ட்டிடம் முன்பணம் கட்டும் முன், அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் அன்றைய விதியைப் பார்த்துவிடுவது நல்லது.